பூ வைத்த தலையிலும் நிற்கும் தொப்பி: வேலூர் கவுன் வாடகைக் கடை

பெண்கள் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை கிராஜுவேஷன் டே வந்தால் கவுன் கமிட்டி என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வேலூர் பக்கம் பட்டமளிப்பு உடை வாடகைக்குக் கொடுப்பவர்களில், லாங் பஜாரை ஒட்டிய சந்தில் மாடியில் இருக்கும் இந்தத் தையல்கடை மாதிரி வேலை தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. வாசலில் போர்டு கிடையாது. கீழே லுங்கி மொத்த வியாபாரம், பக்கவாட்டில் படிக்கட்டு. யாரைக் கேட்டாலும் "கவுன் பாய் கடையா?" என்று கை காட்டுவார்கள்.

முதலில் ஹூட். கவுனுக்கு மேல் தோளைச் சுற்றி முதுகில் தொங்குமே, அந்த வண்ணத் துணி. ஐரோப்பாவில் குளிருக்கு அடக்கமாகப் பாதிரிமார் போட்ட அங்கியிலிருந்து வந்தது இது. அன்றைக்குத் தலையை மூடிக்கொள்ள உதவியது, இன்றைக்கு அழகுக்குத் தொங்குகிறது. அதன் முன்கழுத்தில் சின்னதாக ஒரு நூல் காது இருக்கும். ஆண்கள் அதைச் சட்டைப் பட்டனில் மாட்டிக்கொள்வார்கள். புடவைக்குப் பட்டன் ஏது? மாட்ட இடமில்லாமல் ஹூட் பின்னால் சரியும், முன்பக்கம் கழுத்தை இறுக்கும். ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பட்டம் வாங்கும் பெண்களை எத்தனையோ ஆண்டுப் படங்களில் காட்ட முடியும். ஊக்கு குத்தினால் பட்டுப்புடவை கிழியும்.

பாய் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார். கவுனின் இரண்டு தோளிலும் பிரஸ் பட்டன், ஹூட்டில் அதற்கு ஜோடி. அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. முன்னால் இழுப்பும் இல்லை, பின்னால் சரிவும் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லல மேடம். பொண்ணு கழுத்தப் புடிச்சிக்கினு நிக்கற ஃபோட்டோதான் வூட்ல காலத்துக்கும் மாட்டியிருப்பாங்க. அத யோசிச்சேன்" என்றார். கவுனைத் தைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். சுவரில் மாட்டப்போகும் படத்தை நினைத்துத் தைப்பவர் இவர் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது தொப்பி. சதுர அட்டை வைத்த அந்தத் தொப்பி நம் பெண்களின் தலைக்காகச் செய்யப்பட்டதே இல்லை. பின்னல், கொண்டை, அதில் மல்லிகை, கனகாம்பரம். பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹிஜாப். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு வாடகைக்காரர் எங்களுக்கு எல்லாமே ஒரே அளவில் கொண்டுவந்து இறக்கிய வருடம் நினைவிருக்கிறது. "பூவை எடுத்துவிட்டு வரிசைக்கு வாருங்கள்" என்று மைக்கில் சொன்னார்கள். ஒடுகத்தூரிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள். பூவைக் கட்டிக் கொடுத்த அம்மாக்கள் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்தக் கடையில் மூன்று அளவில் தொப்பி இருக்கிறது. உள்ளே எலாஸ்டிக் பட்டை, இரண்டு பக்கமும் சின்ன சீப்புக் கிளிப். பூச்சரத்துக்கு மேலே நிற்கிறது, ஹிஜாப் மேல் வழுக்காமலும் நிற்கிறது. பாயின் மனைவி திரைக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளைகளுக்குத் தானே மாட்டிப் பார்த்து அளவுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். உயரத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என இரண்டு எண். விழா அன்று அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். பெரிய கூட்டத்துக்குக் கவுன் பிரித்துக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும், இந்தச் சீட்டு எவ்வளவு கூச்சலை மிச்சப்படுத்தும் என்று.

இந்த உடைக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. என் தலைமுறையில் வட ஆற்காட்டுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1857-ல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம், பட்டமளிப்பு சென்னையில். இங்கிருந்து ரயில் ஏறிப் போய் வாங்க எங்கள் வீடுகளில் யாருக்கு வசதி? நேரில் வராதோர் என்று பணம் கட்டினோம், பட்டம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டதுதான் எனக்கு விழா. பிறகு ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே ஆணியில் தொங்கிய கவுனைப் போட்டு, ஒன்றும் எழுதாத காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. பட்டம் தரும் இடம் நம் மாவட்டத்துக்கே வந்தது என்று அன்று நான் பட்ட சந்தோஷம் சின்னதல்ல. கல்லூரிகளில் நடக்கும் கிராஜுவேஷன் டே இன்னும் நெருக்கமானது. பேர் சொல்லிக் கூப்பிட, பெற்றவர்கள் பார்க்க, பிள்ளை மேடை ஏறும்.

இதே ஊரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதன் முதல் அணி 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தது. பெண்களை எழுத்துக் கற்கவே அனுப்பாத வீடுகள் நிறைந்த காலம் அது. ஆண்களை அங்கே சேர்த்தது 1947-ல்தான். இந்த வரிசையில் வந்து நிற்கிற ஊர், தன் பெண்களுக்கு அளவு பார்த்துக் கவுன் கொடுப்பதுதான் முறை.

கடையில் என்னைப் போன்றவர்களுக்கும் இடம் உண்டு. தபாலில் பட்டம் வாங்கிய வயதானவர்கள் வந்து ஒற்றைக் கவுன் எடுத்துக்கொண்டு போகிறார்களாம், பேரன் பேத்தியோடு படம் எடுக்க. நான் போயிருந்தபோது குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை, மெஷின் தெரிந்தவர். கவுனின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்து, "மடிப்பு நல்லாப் புடிச்சிருக்காங்க" என்றார். "போட்டுப் பாருக்கா" என்று பாயின் மனைவி ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை. மகள் போனில் படம் எடுத்தாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். துணி பாலியஸ்டர். வேலூர் வெயிலில், மின்விசிறி எட்டாத வரிசையில் இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவது கொடுமை. கைத்தறியில் விழா உடை தைக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே (யுஜிசி) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தறி ஓடும் குடியாத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. பாயிடம் சொன்னேன். பருத்தி கசங்கும், இஸ்திரிக் கூலி கட்டாது என்கிறார். அவர் கணக்கு அவருக்கு. இருந்தாலும் கழுத்துப் பகுதியின் உள்துணியையாவது பருத்தியில் வைக்கலாம்.

யு.கே.ஜி. குழந்தைகளுக்கும் குட்டிக் கவுன் வைத்திருக்கிறார். பள்ளிகள் கேட்கின்றன, அவர் கொடுக்கிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. மூன்று வருடம் பஸ்ஸில் நின்று வந்து படித்தவள் போடும் உடை அது.

தொப்பியை வானத்தில் வீசுவதும் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. 1912-ல் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில், அதிகாரித் தொப்பி கிடைத்துவிட்டதால் பழையதைத் தூக்கிப் போட்டார்கள். அங்கிருந்து வந்த வழக்கம் என்பார்கள். அவர்களுக்கு அந்தத் தொப்பி இனித் தேவையில்லை. நம் பிள்ளைகள் போட்டிருப்பது வாடகைத் தொப்பி. விழுந்தால் முனை ஒடியும், இங்கே முன்பணத்தில் 100 ரூபாய் பிடிப்பார்கள். பாய் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், சீட்டிலும் எழுதியிருக்கிறது. குஞ்சம் தொலைந்தால் 20 ரூபாய்.

வாடகை கவுன், ஹூட், தொப்பி மூன்றும் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய், முன்பணம் 500. கல்லூரி மொத்தமாக எடுத்தால் குறையும். துணியில் அந்துருண்டை வாசனை இல்லை, துவைத்து உலர்த்தியே கொடுக்கிறார்கள். ஹூட்டின் நிறத்தைக் கல்லூரியில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பாடத்துக்குப் பாடம் மாறும், அங்கே போய் யோசிக்க முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை அடைத்திருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் நேரம்தான் மாற வேண்டியது. மறுநாள் காலை பத்து மணிக்குள் கடைக்கே கொண்டுவர வேண்டும், தாண்டினால் இன்னொரு நாள் வாடகை. வேலூருக்குள் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. ஒடுகத்தூர்க்காரப் பெண் கவுனைக் கொடுப்பதற்காக மறுபடி பஸ் ஏற வேண்டுமா? விழா முடிந்ததும் கல்லூரி அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ள ஓர் ஆளை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார். உங்கள் கல்லூரிக்காக முன்பதிவு செய்யப் போகிறவர்கள் இதையே கேளுங்கள். நாலு பேர் கேட்டால் செய்துவிடுவார்.