ஃபேமிகாம் கேசட்டுக்குச் சிப் எழுத டிஎல்866: சில வருட அனுபவம்

சிப்பில் எழுதுவதற்காகத்தான் டிஎல்866 டூ பிளஸ் புரோகிராமரை, அதாவது கணினியில் மாட்டி நினைவகச் சிப்பில் எழுதவும் படிக்கவும் உதவும் கருவியை, வாங்கினேன். சில வருடம் புழங்கிய பிறகு பார்த்தால், எழுதுவதைவிடச் சிப்பைச் சோதிக்கத்தான் அதை அதிகம் எடுக்கிறேன். நிண்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கன்சோலான ஃபேமிகாமுக்குச் சொந்தமாகக் கேசட் செய்ய நினைப்பவர்கள் இதை எதற்காக வாங்க வேண்டும் என்று கேட்டால் என் பதிலும் அதுதான்.

முதலில் என் தேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. அதையே வேறு உருவத்தில், என்இஎஸ் என்ற பெயரில் 1985இல் அமெரிக்காவில் விற்றார்கள். 90களில் நம் ஊரில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டிகளில் ஏராளமானவை ஃபேமிகாமின் நகல்கள், அதே 60 பின் கேசட். இந்தக் கன்சோலுக்கு இன்னமும் புது விளையாட்டு எழுதுகிறார்கள். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் மொத்தமும் 40 கிலோபைட்டில் அடங்கியது. நான் எழுதுவது அதைவிட எளிய விளையாட்டுகள். 6502 வகைச் சிபியுவுக்கு நிரல் கம்பைல் செய்யும் சிசி65 கருவிகளை வைத்துக்கொண்டு கொஞ்சம் சி, கொஞ்சம் அசெம்பிளி. கன்சோலைப் போலவே கணினியில் நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓடினால் போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள். எனக்கு அது கேசட்டாகக் கைக்கு வந்து, கன்சோலில் செருகி ஓடினால்தான் வேலை முடிந்த கணக்கு.

இருப்பதிலேயே எளிய கேசட் போர்டுக்கு என்ரோம் என்று பெயர். அதில் நினைவகச் சிப் இரண்டுதான். நிரல் இருப்பது பிஆர்ஜி, 32 கிலோபைட். படங்கள் இருப்பது சிஎச்ஆர், 8 கிலோபைட், அதாவது 512 டைல் (திரைப் படத்தை அடுக்கும் சிறு படத்துண்டு). பிஆர்ஜி சிபியுவோடு பேசும். சிஎச்ஆர், திரையில் படம் வரையும் பிபியுவோடு நேராகப் பேசும். எமுலேட்டருக்குக் கொடுக்கும் கோப்பில் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும், முன்னால் 16 பைட் தலைப்பு. அந்த 16 பைட்டை வெட்டிவிட்டு, அடுத்த 32,768 பைட்டை ஒரு கோப்பாகவும், கடைசி 8,192 பைட்டை இன்னொரு கோப்பாகவும் பிரிக்க வேண்டும். முழுக் கோப்பு சரியாக 40,976 பைட் இருந்தால் என்ரோமுக்குக் கணக்கு சரி. தலைப்போடு சேர்த்து எழுதிவிட்டால் எல்லாமே 16 பைட் தள்ளிப் போய் உட்காரும், விளையாட்டு ஓடாது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் வெரிஃபை சரி என்றுதான் சொல்லும். கொடுத்தது அப்படியே சிப்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இரண்டு இடத்துக்கும் நான் போடுவது டபிள்யூ27சி512. வின்பாண்ட் தயாரித்த 64 கிலோபைட் சிப், 28 பின். பார்க்க, புற ஊதா ஒளியால் அழிக்கும் பழைய வகை ஈப்ரோம் சிப் மாதிரியே இருந்தாலும் மின்சாரத்தாலேயே அழிக்கலாம். அழிக்க 14 வோல்ட், எழுத 12 வோல்ட், இரண்டையும் டிஎல்866 தானே கொடுத்துவிடும். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

போர்டு 27சி256 என்ற 32 கிலோபைட் சிப்புக்காக வரையப்பட்டிருந்தால், அந்தச் சிப்பில் 1ஆம் பின் எழுதும் வோல்டேஜுக்கானது. படிக்கும்போது அதை 5 வோல்ட்டில் கட்டி வைத்திருப்பார்கள். 27சி512இல் அதே 1ஆம் பின் ஏ15 முகவரிப் பின். அது எப்போதும் 5 வோல்ட்டில் இருப்பதால் சிப்பின் மேல் பாதி மட்டும்தான் கன்சோலுக்குத் தெரியும். கீழ்ப் பாதியில் விளையாட்டை எழுதி மேல் பாதியைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? கன்சோலில் இருப்பது 6502 வகைச் சிபியு. சுவிட்ச் போட்டதும் அது எஃப்எஃப்எஃப்சி, எஃப்எஃப்எஃப்டி என்ற இரண்டு முகவரிகளைப் பார்த்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். காலிச் சிப்பில் அங்கே எஃப்எஃப் எஃப்எஃப் தான் இருக்கும். அதை நம்பிப் போகிற சிபியு எங்கேயோ போய் நிற்கும். தீர்வு எளிது: 32 கிலோபைட்டை இரண்டு முறை அடுத்தடுத்து ஒட்டி 64 ஆக்கி எழுதுங்கள். சிஎச்ஆர் கோப்பை எட்டு முறை ஒட்டுங்கள். மேலே உள்ள முகவரிப் பின்களைப் போர்டு 5 வோல்ட்டில் கட்டியிருந்தாலும் சரி, தரையில் கட்டியிருந்தாலும் சரி, கன்சோலுக்குக் கிடைப்பது ஒரே விளையாட்டு. வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிபியு ஓடுவது 1.79 மெகாஹெர்ட்ஸில், 120 நானோ செகண்ட் சிப்பே தாராளம்.

சரி, சிப் வாங்கும் கதைக்கு வருவோம். இந்தச் சிப்புகளை ஆன்லைனில் ‘புதிது’ என்று விற்பார்கள். பெரும்பாலும் அவை பழைய போர்டுகளிலிருந்து கழற்றி, காலைச் சுத்தம் செய்து, மேலே புதிதாக எழுத்து அச்சடித்தவை. கழற்றிய சிப் என்பதால் மட்டும் கெட்டது என்று சொல்ல மாட்டேன், என்னிடம் நன்றாக ஓடுகிற கேசட்டுகள் பல அப்படிப்பட்ட சிப்பில்தான் இருக்கின்றன. அச்சு பொய்யாக இருப்பதுதான் தொல்லை. ஒரு கடையிலிருந்து வந்த பொட்டலத்தில் எல்லாச் சிப்பிலும் ஒரே எழுத்து, ஒரே தேதிக் குறி. டிஎல்866இல் வைத்து ஐடி, அதாவது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளக் குறி, படித்தால் சிலவற்றில் மட்டும் சரியான டிஏ 08 வந்தது. மற்றவை வேறு கம்பெனியின் ஐடியைக் காட்டின. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்ததும் மேல் கறுப்புப் பூச்சு பஞ்சோடு வந்தது, அடியில் பழைய எழுத்தின் தடம் தெரிந்தது.

அதனால் என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது. பொட்டலம் வந்த அன்றே ஒவ்வொரு சிப்பையும் சாக்கெட்டில் வைத்து, முதலில் பின் தொடர்பு சோதனை, பிறகு ஐடி, பிறகு அழித்துக் காலியா என்று பார்ப்பது, பிறகு முழுவதும் எழுதி வெரிஃபை. இதில் தேறியது ஒரு டப்பாவில், தேறாதது வேறு டப்பாவில். பற்றவைத்த பிறகு 28 காலையும் கழற்றுவதன் கஷ்டம் செய்தவர்களுக்குத் தெரியும். போர்டின் தடங்கள் பிய்ந்துவிட்டால் சிப்போடு போர்டும் போச்சு. ஓர் எச்சரிக்கை: ஐடி படிக்கும்போது ஈப்ரோம் வகைச் சிப்புகளின் ஏ9 பின்னுக்கு 12 வோல்ட் அளவுக்குப் போகும். பழைய கேசட்டிலிருந்து எடுத்த மாஸ்க் ரோமை (தொழிற்சாலையிலேயே நிரல் பதித்து வந்த சிப்பை) வைத்துப் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஐடி சோதனையை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

கண்ணாடிச் சன்னல் வைத்த யுவி ஈப்ரோமையும் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன். அழகு என்றால் அதுதான் அழகு. சன்னல் வழியாக உள்ளே சிலிக்கான் துண்டும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிகளும் தெரியும், லென்ஸ் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் விளையாட்டை எழுதிக்கொண்டே திருத்துகிறவர்களுக்கு அது சரிப்படாது. அழிக்கும் விளக்கின் அடியில் ஒவ்வொரு முறையும் 15, 20 நிமிடம் வைக்க வேண்டும். அந்த 253.7 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குக் கெடுதல், மூடி இல்லாத விளக்கை வீட்டில் வைக்கவே கூடாது. எழுதிய பிறகு சன்னலை ஒளி புகாத ஸ்டிக்கரால் மூட வேண்டும். நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அழிந்துவிடக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் தரவுத்தாளிலேயே போட்டிருக்கிறார்கள். இறுதி வடிவம் வந்துவிட்ட விளையாட்டைப் பழைய முறையிலேயே கட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய விளையாட்டுக்கு எஸ்எஸ்டி39எஸ்எஃப்040. 5 வோல்ட் ஃபிளாஷ், 512 கிலோபைட், 32 பின். இதுவரை என்னைக் கைவிடாத சிப் இது. லட்சம் முறை எழுதலாம் என்கிறது தரவுத்தாள். முழுச் சிப்பையும் அழிக்க நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஐடி பிஎஃப் பி7 என்று வர வேண்டும், 128 கிலோபைட் 010ஏ என்றால் பிஎஃப் பி5. ஈப்ரோமுக்காக வரைந்த போர்டில் இதை அப்படியே வைக்கக் கூடாது. 31ஆம் பின் இதில் எழுத அனுமதிக்கும் பின், 27சி040இல் அதே பின் ஏ18. அதை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். மேப்பர் 30 என்ற வகைப் போர்டுகளில் அந்தப் பின்னை வேண்டுமென்றே சிபியுவின் கட்டுப்பாட்டில் விட்டிருப்பார்கள், விளையாட்டே தன் சிப்பில் ஸ்கோரைச் சேமித்துக்கொள்ளும். பேட்டரி தேவையில்லை. எவ்வளவு நல்ல யோசனை!

என்ரோமைவிடப் பெரிய விளையாட்டுக்கான அன்ரோம் வகைப் போர்டில் ரோமோடு 74எச்சி161, 74எச்சி32 என்ற இரண்டு லாஜிக் சிப்புகளும், 6264 என்ற 8 கிலோபைட் ராமும் சேரும். இங்கேதான் டிஎல்866 மேல் எனக்குப் பிரியம் கூடியது. 74 வரிசைச் சிப்புகளையும் ஸ்டாடிக் ராமையும் அது சோதித்துச் சொல்லும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கிற சிப்தானே என்று சோதிக்காமல் பற்றவைத்தால், படம் தாறுமாறாக வரும்போது குறை நிரலிலா, ராமிலா, சால்டரிலா என்று தேடிப் பல ராத்திரிகள் போகும். எல்லாச் சிப்பும் நல்லது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சிப் சரி, சால்டர் சரி, எமுலேட்டரில் ஓடியது, ஆனாலும் கன்சோலில் ஓடவில்லை என்ற நிலை வரும். அப்போது புரோகிராமரைக் குறை சொல்லாதீர்கள். பல எமுலேட்டர்களில் ராம் முழுதும் ஒரே மாதிரி நிரப்பப்பட்டுத் தொடங்கும். கன்சோலில் சுவிட்ச் போட்டதும் ராமில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, நிரல்தான் துடைக்க வேண்டும். பிபியுவும் தயாராகச் சற்று நேரம் எடுக்கும். கிட்டத்தட்ட 29,658 சிபியு சுழற்சிகள் வரை சில பதிவேடுகளுக்கு அனுப்புவதை அது கண்டுகொள்ளாது. அதனால்தான் தொடக்கத்தில் இரண்டு முறை விபிளாங்குக்கு (ஒரு திரைப் படம் வரைந்து முடித்து அடுத்தது தொடங்கும் இடைவெளிக்கு) காத்திருக்கச் சொல்கிறார்கள். மெசென் எமுலேட்டரில் ராமைக் கண்டபடி நிரப்பித் தொடங்கும் வசதி இருக்கிறது, சிப்பில் எழுதும் முன் அதை இயக்கிப் பாருங்கள். நகல் கன்சோல்களில் இன்னொரு வித்தியாசம்: பலவற்றில் சதுர அலைச் சத்தத்தின் இரண்டு அமைப்புகள் இடம் மாறியிருக்கும். அசலில் மென்மையாக ஒலிக்கும் மெட்டு நகலில் மூக்கால் பாடுகிறது போல ஒலிக்கும். அது சிப்பின் குறை அல்ல.

கருவியின் உழைப்பைப் பற்றி. லீவர் வைத்த 40 பின் சாக்கெட்தான் முதலில் தேயும் இடம். கழற்றிய சிப்பின் காலில் ஒட்டியிருக்கும் சால்டர் துணுக்கு உள்ளே தங்கிவிடும், பிறகு நல்ல சிப்புக்கும் தொடர்பு சோதனையில் பிழை வரும். காலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வளைந்ததை நிமிர்த்திவிட்டு வைத்தால் சாக்கெட் நீடிக்கும். யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் கணினியில் நேராக மாட்டுவது நல்லது. கூடவே வரும் எக்ஸ்ஜிப்ரோ மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும். திரை நெரிசலாக இருந்தாலும் வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. லினக்ஸில் நான் திறமூல மினிப்ரோவைப் பயன்படுத்துகிறேன். கம்பைல் செய்து, கோப்பைப் பிரித்து, இரட்டித்து, சிப்பில் எழுதுவது வரை ஒரே கட்டளையில் கோத்து வைத்திருக்கிறேன். தினசரி வேலைக்கு அதுதான் வசதி.

போதாத இடங்களும் உண்டு. எழுதும் வோல்டேஜ் 18 வரைதான் போகும். 21 கேட்கும் பழைய 2764, 25 கேட்கும் 2716 போன்றவற்றுக்கு இது ஆகாது. மெகா டிரைவ், சூப்பர் ஃபேமிகாம் என்ற வேறு கன்சோல்களுக்குக் கேசட் செய்கிறவர்கள் விரும்பும் 27சி322க்கு 42 கால், சாக்கெட்டிலேயே உட்காராது.

போர்டு ஆர்டர் செய்யும்போது தடிமனைக் கவனியுங்கள். கடைகள் வழக்கமாகத் தருவது 1.6 மில்லிமீட்டர், ஃபேமிகாம் கேசட்டுக்கு வேண்டியது 1.2. தடித்த போர்டைத் திணித்தால் கன்சோலின் கனெக்டர் விரிந்துவிடும், பிறகு மெல்லிய அசல் கேசட்டுகள் சரியாகப் பிடிக்காது. விளிம்பைச் சரிவாகச் சீவித் தங்க முலாம் போடச் சொல்லுங்கள். திரை உருளும் திசைக்கு ஏற்ப எச் அல்லது வி என்ற திட்டில் சால்டர் வைக்க மறக்க வேண்டாம்.

72 பின் என்இஎஸ்ஸுக்குச் செய்வதானால் அனுமதி இல்லாத கேசட்டைக் கன்சோல் தடுக்காமலிருக்கப் பூட்டுச் சிப் ஒன்று கூடுதலாக வேண்டும். ஏடிடைனி13 என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலரில் எழுதிய மாற்றுச் சிப் வேலை செய்யும், அதையும் டிஎல்866இலேயே எழுதலாம். ஃபேமிகாமுக்கும், 1993இல் வந்த மேலே செருகும் என்இஎஸ்ஸுக்கும் அது தேவையில்லை.

டிஎல்866 டூ பிளஸ் இப்போது புதிதாக வருவதில்லை, அதன் இடத்தில் டி48 விற்கிறது. 25 வோல்ட் வரை தருவதால் பழைய சிப்புகளோடு பழகுகிறவர்களுக்கு அது நிச்சயமாக நல்ல தேர்வு. டபிள்யூ27சி512, எஸ்எஸ்டி39எஸ்எஃப் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு, யாராவது பயன்படுத்திய டிஎல்866 டூ பிளஸ் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் முன் ஒரு நல்ல சிப்பைக் கையோடு கொண்டுபோய், ஐடி படித்து, முழுதும் எழுதி வெரிஃபை செய்து பார்த்துவிடுங்கள்.