தச்சுவேலை பழகும் பிள்ளை எந்தப் பத்தாம் வகுப்பு எழுதலாம்?

வயலின், தச்சுவேலை, தோட்டம், கோடிங் என்று பிள்ளைக்குப் பிடித்ததை நடுவில் வைத்து வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்த பெற்றோரை அடுத்து வாட்டும் கேள்வி, ‘சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வது?’ என்பதுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. ஆனால் வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே பயத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேர்வைப் பற்றிப் பேசலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியமான என்ஐஓஎஸ், மாநில வாரியத்தில் தனித்தேர்வர் (பள்ளிக்குப் போகாமல் நேரடியாகத் தேர்வு எழுதுபவர்), பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜின் சர்வதேசத் தேர்வான ஐஜிசிஎஸ்இ.

மூன்றையும் நான் ஒரே ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறேன். அந்தத் தேர்வு பிள்ளையின் நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது? காலை முழுக்கப் பட்டறையில் நிற்கவேண்டும் என்பதற்காகப் பள்ளியை விட்டவன், மாலை முழுக்க ஐந்து பாடத்துக்கு டியூஷன் போனால் என்ன பயன்?

அப்படிப் பார்த்தால் என்ஐஓஎஸ் முன்னால் நிற்கிறது. 1989-இல் தொடங்கிய இந்த வாரியத்தில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும், அதில் ஒரு மொழி கட்டாயம் இருக்கவேண்டும். மிச்சத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். கர்நாடக இசை, ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி எல்லாம் பாடப்பட்டியலிலேயே இருக்கின்றன. தினமும் சாதகம் செய்யும் பிள்ளைக்கு அந்தச் சாதகமே பாடமாகிவிடும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு தாராளம் கிடையாது. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரலில் இரண்டு பாடம், அக்டோபரில் இரண்டு பாடம் என்று பிரித்து எழுதலாம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே சேர்ந்து நிற்கும். செலவும் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கணிதத்தை விட்டுவிடலாம் என்ற சுதந்திரமே ஒரு பொறி. 14 வயதில் பிடிக்காத கணக்கு 17 வயதில் படிக்க ஆசைப்படும் படிப்புக்குத் தேவைப்படலாம். தச்சுவேலைக்காரனுக்கும் அளவு, கோணம், மரத்தின் விலை எல்லாம் கணக்குதானே? கணிதத்தை எடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மொழிப் பாடமாகத் தமிழும் எடுக்கலாம், அதையும் விடவேண்டாம்.

மாநில வாரியத்தின் பெரிய பலம், அது எல்லோருக்கும் தெரிந்த சான்றிதழ். எந்த ஊர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தேர்வுக் கட்டணமோ சில நூறு ரூபாய்தான். பள்ளிப் பக்கமே போகாத பிள்ளையும் 12½ வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, அங்கிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகலாம். ஆனால் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் கட்டாயம். பிள்ளையின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்குப் போய் வரவும் வேண்டும். கையில் காசு குறைவு, தமிழ்வழியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரு வருடம் மட்டும் பரீட்சைக்கு ஒதுக்கத் தயார் என்றால் இதையே எடுக்கலாம், தப்பில்லை.

ஐஜிசிஎஸ்இ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடத்திட்டம் அருமையானது, மனப்பாடத்தைவிட யோசிப்பதற்கு மதிப்புக் கொடுப்பது. ஆனால் ஒரு பாடத்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். வெளிமாணவரைச் சேர்த்துக்கொள்ளும் தேர்வு மையத்தையும் நாமே தேடிப் பிடிக்கவேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்று உறுதியாக இருக்கும் குடும்பத்துக்கு மட்டும்தான் இது சரி.

‘சான்றிதழே வேண்டாம், திறமை போதும்’ என்பவர்கள் மாளவிகா ஜோஷியை உதாரணம் காட்டுவார்கள். மும்பைப் பெண். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சர்வதேச புரோகிராமிங் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கி, 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சேர்ந்தவர். நம் சென்னைக் கணிதவியல் கழகமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐஐடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஒலிம்பியாட் பதக்கம் வாங்கும் பிள்ளைக்கே இந்த நிலைமை என்றால், நல்ல மேசை செய்யத் தெரிந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது.

பன்னிரண்டு வயதுவரை இதை எதையும் தொடவேண்டியதில்லை. அதன்பிறகு ஒரு வழியை எடுத்துப் பார்த்து ஒத்துவரவில்லை என்றாலும் எல்லாம் வீணாகிவிடாது. மாநிலப் பத்தாம் வகுப்பில் சில பாடங்களில் தவறினால், தேறியவற்றில் இரண்டு பாடங்கள் வரை என்ஐஓஎஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டு, மீதி மூன்றை மட்டும் அங்கே எழுதலாம்.