சேலம் வெயிலில் ஒரு சின்ன ரெஃப்யூஜியம்: இரண்டு கோடை தாண்டிய பிறகு

சேலத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்தால் மீனை விடத் தண்ணீர்தான் செலவு வைக்கும். போர் தண்ணீர் கடினம். ஆர்ஓ தண்ணீரைப் பிடித்து, உப்பு கலந்து, ஒப்படர்த்தியை 1.025க்குக் கொண்டுவர வேண்டும். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறும்போதெல்லாம் தண்ணீரை மாற்ற இதே வேலை. சலித்துப் போய்த்தான் சம்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில், ஒரு அறையை நைட்ரேட்டை உறிஞ்சும் பாசிக்கு ஒதுக்கினேன். அந்த அறைதான் ரெஃப்யூஜியம்.

தொட்டி மூன்றடி, சுமார் 190 லிட்டர். ரெஃப்யூஜியத்துக்குக் கிடைத்தது 25 லிட்டர் இடம். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கு அடுத்து, தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்புக்கு முன்னால் வைத்தேன். கரண்ட் போனால் மேலிருந்து இறங்கும் தண்ணீரைத் தாங்க சம்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். திட்டம் போடும்போதே பம்பை நிறுத்திப் பார்த்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாசியில் என் ஓட்டு கீட்டோவுக்கு. காலெர்பா பார்க்க அழகு. ஆனால் சில சமயம் திடீரென்று இனப்பெருக்கச் செல்களைக் கொட்டி வெளுத்துவிடும், உறிஞ்சிய சத்தெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். கீட்டோ சிக்குப் பிடித்த நைலான் நூல் மாதிரி உருண்டையாகக் கிடக்கும், வம்பு இல்லை. பம்புக்குள் போகாமல் இருக்க ஒரு வலைத் தடுப்பு மட்டும் வேண்டும்.

விளக்கை ராத்திரியில் எரிய விடுகிறேன். மேல்தொட்டி இருட்டில் இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும்; கீழே பாசி அதை எடுத்துக்கொள்வதால் இறக்கம் குறைகிறது. இந்த ஊரில் இன்னொரு லாபமும் உண்டு: ஏப்ரல், மே பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது. சம்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்றும் ஓடுகிறது. நம்ம ஊர்க் கோடை வறண்ட வெயில் என்பதால் ஆவியாதலில் தண்ணீர் நன்றாகவே குளிர்கிறது. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் இவ்வளவு எடுபடாது. ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஏற்காட்டில் தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கு ஃபேன் கவலையே இல்லை. மார்கழியில் ஹீட்டர்தான் அவர் கவலை.

சரி, பலன்? முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் 30 பிபிஎம்மில் நின்ற நைட்ரேட் மெல்ல இறங்கி இப்போது பத்தை ஒட்டி நிற்கிறது. தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை, இடைவெளிதான் கூடியிருக்கிறது. சுழியத்துக்கு இறக்க ஆசைப்பட வேண்டாம். பாசியும் பட்டினி கிடக்கும், டைனோஃப்ளஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து மணலில் பழுப்புச் சளியாகப் படரும்.

உருண்டை கெட்டியாகி அடிப்பக்கம் வெளுக்கத் தொடங்கினால் அறுவடை. பாதியைப் பிய்த்து, தொட்டித் தண்ணீர் இருக்கும் வாளியில் உதறி எடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பொடியாகக் கோப்பிபாட் என்ற சிற்றுயிர்கள் துள்ளும்; நடுவில் வளைந்த முதுகோடு, இறால் இனத்துக் குட்டி உயிரான ஆம்ஃபிபாட் ஒன்று குறுக்கே ஓடும். அந்தத் தண்ணீரை அப்படியே சம்பில் ஊற்றிவிடுவேன். எனக்கு நைட்ரேட்டை விட இதுதான் பெரிய லாபம்: பவளத்துக்கும் மீனுக்கும் உயிருள்ள தீனி தானாக மேலே போகிறது. ஆனால் 25 லிட்டரை நம்பி, இந்தச் சிற்றுயிர்களையே தின்று வாழும் மாண்டரின் மீன் வாங்கிவிடாதீர்கள், பத்தாது.

யாரிடம் கீட்டோ வாங்கினாலும் நேரே போடாமல் தனி வாளியில் சில நாள் வைத்துப் பாருங்கள். ஐப்டேசியா என்ற தொல்லைபிடித்த கடல் அனிமோன் ஒட்டிக்கொண்டு வந்தால் தொட்டியிலிருந்து ஒழிப்பது பெரும்பாடு.