25 பவுண்டர் பீரங்கி: 1/35 அளவா, 1/76 அளவா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய 25 பவுண்டர் பீரங்கியையும் அதை இழுத்துச் சென்ற மோரிஸ் குவாட் வண்டியையும் சிறு மாதிரிகளாகச் செய்ய விரும்புவோருக்கு மாதிரித் தொகுப்புகள் தயாரிக்கும் நிறுவனங்களான டாமியாவின் 1/35 அளவும் (அசலில் 35-இல் ஒரு பங்கு) ஏர்ஃபிக்ஸின் 1/76 அளவும் நன்கு அறிமுகமான தெரிவுகள். சுமார் 4.5 மீட்டர் நீளமுள்ள குவாட், முதலாவதில் ஏறத்தாழ 13 சென்டிமீட்டராகவும் இரண்டாவதில் 6 சென்டிமீட்டராகவும் சுருங்குகிறது.

வேறுபாடு பீரங்கியில்தான் நன்றாகத் தெரிகிறது. மெல்லிய எஃகுத் தகடான அதன் முன்கவசம், 1/76 அளவில் பிளாஸ்டிக்கின் தடிமனால் சுவர்போலத் தோன்றும். விளிம்பைப் பின்புறமிருந்து சாய்வாக உரசினால் அக்குறை ஓரளவு மறையும். 1/35 அளவிலோ, பீரங்கியை முழுவட்டமாகத் திருப்ப உதவிய தரைவட்டு போன்ற உறுப்புகளைத் தனியே வண்ணம் தீட்டிப் பொருத்தலாம்.

வண்ணம் பூசுவதில் என் சாய்வு சிறிய அளவின் பக்கமே: ஆலிவ் பச்சையில் சற்று வெள்ளை கலந்து பூசி, நீர்த்த பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டால் பெரும்பாலும் போதும். பெரிய அளவில் அந்தச் சலுகை இல்லை. சேறு, துரு, உரிந்த வண்ணம் ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும், வண்டியின் உட்புறத்தையும் கூரையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இடவசதி குறைந்தவர்கள் பீரங்கியை மட்டும் 1/35 அளவில் செய்யலாம்.