பெரிய ஹோஸ்டிங்கா, சின்ன ஹோஸ்டிங்கா? கிளம்பும்போதுதான் தெரிந்தது

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தளம் மூன்று வருடம் ஒரு பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தில், அதாவது இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்து ஓடவிடும் நிறுவனத்தில், இருந்தது. போன வருடம் அதை மூன்றே பேர் நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு மாற்றினேன். இரண்டு இடத்திலும் காசு கட்டியிருக்கிறேன். இப்போது என் மனம் சின்ன நிறுவனத்தின் பக்கம்தான்.

வேகத்தில் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 200 பேர் வந்தாலே எங்களுக்கு அதிகம்.

விலை விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய இடத்தில் மாதம் 129 ரூபாய் என்றார்கள். மூன்று வருடத்துக்கும் மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. புதுப்பிக்கும்போது 399. சின்ன இடத்தில் முதல் நாளும் 250, இன்றும் 250. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்க எஸ்.எஸ்.எல். சான்றிதழ் வேண்டும்; லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015இலிருந்து இலவசமாகத் தரும் அதற்குப் பெரிய இடத்தில் தனி பில். ‘அன்லிமிடெட்’ என்றார்கள், ஆனால் ஃபைல் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தது. சர்வரில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல் என்பது இன்பாக்ஸ் நிரம்பித் தளம் தடுமாறியபோதுதான் எனக்குப் புரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கிளம்புகிறேன் என்றதும் நடத்திய விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

தளத்தை முதலில் அமைத்த தம்பியின் பெயரிலேயே எங்கள் டாட் காம் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, அதே நிறுவனத்தில் பதிவாகியிருந்தது. அவன் வெளிநாடு போய்விட்டதால் சங்கத்தின் பெயருக்கு மாற்றினேன். மாற்றிய கையோடு டொமைனுக்கு 60 நாள் பூட்டு விழுந்தது. உரிமையாளர் பெயர் மாறினால் வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போகாதபடி பூட்டுவது, டொமைன்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. திருட்டைத் தடுக்க வந்தது, அதில் குற்றம் சொல்ல மாட்டேன். பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை நிறுவனம் கொடுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் திரையில் அது இல்லை. பூட்டு விழும் என்ற எச்சரிக்கையும் இல்லை.

ஹோஸ்டிங் முடிய 40 நாள்தான் பாக்கி. சாட்டில் கேட்டேன். ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்காவிட்டால் டொமைனும் கையைவிட்டுப் போய்விடும் என்றார் அந்த ஊழியர். டொமைன் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்றேன். அப்படியானால் தள்ளுபடி தருகிறேன் என்றார், மூன்று முறை. ஹோஸ்டிங் வேறு, டொமைன் வேறு; பூட்டு இருக்கும்போதே, டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றித் தளத்தை வேறிடத்தில் ஓடவிடலாம். அது தெரியாமல் பயந்து இன்னொரு மூன்று வருடக் காசைக் கட்டியவர்கள் எத்தனை பேரோ. அன்றிரவே ஃபைல்களையும் டேட்டாபேஸையும் இறக்கிப் புது இடத்தில் ஏற்றி நேம்சர்வரை மாற்றினேன். பூட்டு திறந்த பிறகு, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேட்டேன். ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி. ஐந்தாவது நாள் சாயங்காலம் வந்தது.

நம் நாட்டில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்து வழிகாட்டுதல் கொண்டுவந்தது. சந்தாவிலிருந்து வெளியேறுவதைச் சிக்கலாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சின்ன நிறுவனத்தில் சேருமுன் போனில் முதலில் கேட்டதே, “நாளைக்கு நாங்க கிளம்பணும்னா என்ன செய்யணும்?” என்பதுதான். “ஆத் கோடு பேனல்லயே இருக்கும் சார், எங்ககிட்ட கேக்கவே வேண்டாம். முழு பேக்கப்பும் ஜிப்பா இறக்கிக்கலாம். ஒரு வருஷத்துக்குக் கட்டிட்டு நடுவுல போனா மிச்ச மாசக் காசு திரும்ப வந்துரும்” என்றார் போனில் பேசியவர். சேர்ந்த பிறகு, தளத்தை நிர்வகிக்கும் திரையான அந்தப் பேனலைத் திறந்து பார்த்தேன். கோடு இருந்தது, பேக்கப்பும் இறங்கியது. காசு திரும்ப வருவதை நான் இன்னும் சோதிக்கவில்லை, கிளம்பும் எண்ணமும் இல்லை.

பெரிய இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் சாட்டில் ஆள் உண்டு. இங்கே ஞாயிறு ராத்திரி அனுப்பிய மெயிலுக்குத் திங்கள் காலைதான் பதில் வந்தது. ஆன்லைனில் கடை நடத்துகிறவர்களுக்கு இது சரிவருமா என்று என்னால் சொல்ல முடியாது. இங்கே என் அனுபவம் 14 மாதம்தான். மூன்று பேர் நிறுவனம் மூடிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் நியாயமானது. ஆனால் 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் அதையும் சேர்த்து இழந்தார்கள். ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு அந்த ஜிப்பை இறக்கி, வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கிறேன்.