வெளி ஹாட் டிஸ்க் திறக்கவில்லையா? செக்டிஸ்க்கா, பிரதியா, கடையா?

டிஸ்கைச் செருகியதும் "ஃபோர்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சலை அழுத்துங்கள். டிஸ்க் வெறுமையாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை, விண்டோஸால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான். படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் அவற்றின் கதி இருக்கிறது.

முதலில் கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 அம்பியர் வரை இழுக்கக்கூடும். யூஎஸ்பி 2.0 போட்டின் வரையறை 500 மில்லி அம்பியர், 3.0 போட்டுக்கு 900. தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் (ஒரு போட்டைப் பலவாக்கும் கருவி) அதையும் பங்குபோடும். டிக் என்று தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கும் டிஸ்க் வெறுமனே மின்சாரப் பசியோடும் இருக்கலாம். ஹப்பை விலக்கி, டெஸ்க்டொப்பின் பின்பக்க போட்டில் வேறொரு குட்டையான கேபிளால் ஒரே ஒரு தடவை முயன்று பாருங்கள். கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். கேபிள் முனையையும் டிஸ்கின் வாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடப்டர் வேண்டும். அவசரத்தில் லப்டொப்பின் 19 வோல்ட் அடப்டரைச் செருகிவிட்டால் உள்ளே ஏதாவது எரிந்துபோகும். பாதுகாப்பு டயோட்டோடு சேதம் நின்றிருந்தால், தரவு பெரும்பாலும் தப்பியிருக்கும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் இரண்டு வரிகளைப் பாருங்கள். சி7 ஏறிக்கொண்டே போனால் இணைப்பில் பிழை. சி5 பூச்சியத்தைத் தாண்டினால் வாசிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்) இருக்கின்றன. எண்கள் பதினாறடிமானத்தில் காட்டப்படலாம். 10 என்றால் 16.

விண்டோஸின் பிழை திருத்தும் கட்டளையான செக்டிஸ்க்கும், டிஸ்கை அப்படியே வேறொன்றில் நகலெடுக்கும் பிரதியும் போட்டிக்கு வருவது இங்கேதான். சி5 பூச்சியம், முறையாக எஜெக்ட் செய்யாமல் இழுத்ததுதான் காரணம் என்றால், எஃப் (/f) தெரிவுடன் செக்டிஸ்க் ஓட்டலாம், அநேகமாகச் சரியாகும். சி5 ஏறியிருந்தால் செக்டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். செக்டிஸ்க் ஒழுங்குபடுத்துவது கோப்பு முறைமையை. உங்கள் கோப்புகள் மிஞ்சுவது அதன் பொறுப்பல்ல. சிதைந்த பதிவுகளை நீக்கும், துண்டுகளைப் பழைய பெயரில்லாமல் ஒதுக்கிவிடும். ஆர் (/r) தெரிவு ஒவ்வொரு செக்டரையும் வாசிக்கவைப்பதால், சாகும் டிஸ்க் பாதி வழியிலேயே நின்றுவிடக்கூடும்.

பிரதி எடுக்கும் லினக்ஸ் கருவியான டிடிரெஸ்க்யூ (ddrescue) நேர்மாறானது. நன்றாக வாசிக்கக்கூடியதை முதலில் எடுக்கும், பழுதான இடங்களைத் தாண்டிப்போய்க் கடைசியில் திரும்பும். அதை ஓட்ட, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்து இயக்கினால் போதும். பிரதிக்கு வாங்கும் டிஸ்க் பழையதுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். எதுவரை பிரதியானது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பை இந்த இரண்டு டிஸ்கும் அல்லாத மூன்றாவது இடத்தில் வையுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பயங்கரமான தவறு ஒன்றுதான்: மூலத்தையும் (பழைய டிஸ்க்) இலக்கையும் (புது டிஸ்க்) மாற்றிக் கொடுப்பது. சீரியல் எண்ணை டிஸ்கின் லேபலோடு ஒப்பிட்ட பிறகே என்டர். செக்டிஸ்க், மீட்பு மென்பொருள் எல்லாம் அதன் பிறகு, பிரதியின் மீது மட்டும்.

உறையைக் கழற்றி, கணினிக்குள் டிஸ்க் இணையும் சாட்டா போட்டில் நேரடியாகப் பொருத்துவது பழைய மாடல்களுக்கு நல்ல வழி. டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்றவை பலவற்றில் யூஎஸ்பி வாய் டிஸ்கின் போர்டிலேயே ஒட்டியிருக்கும். சிலவற்றில் தரவு அந்தப் போர்டு வழியாகவே மறைகுறியாக்கப்படும். கழற்றியும் பலனிருக்காது.

பம்பலப்பிட்டியின் கணினிக் கடைத்தொகுதியான யூனிட்டி பிளாசாவில் கேபிள், உறை, புது டிஸ்க் எல்லாம் ஒரே நடையில் வாங்கலாம். மீட்புக்கு டிஸ்கைக் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "மூல டிஸ்கில் வேலை செய்வீங்களா, பிரதி எடுத்தா?" மூலத்தில்தான் என்றால் டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கீழே விழுந்தது, உரசும் சத்தம் வருகிறது, நல்ல கேபிளிலும் டிக் நிற்கவில்லை என்றால் வீட்டு வழிகள் எல்லாம் முடிந்தன. மூடியைத் திறக்க வேண்டாம். ஃபிரீசரில் வைக்கவும் வேண்டாம், கொழும்பின் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் உள்ளே தரவு பதிந்திருக்கும் தட்டில் தண்ணீர் கோத்துவிடும். தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையம் வரை அதை மின்சாரம் இல்லாமலே, குமிழ் உறையில் சுற்றிக் கொண்டுபோங்கள்.