கொட்டை நீக்கிய தட்டு: டு பிஷ்வாத் உலர்பழத் தொகுப்பு வாங்கலாமா?

யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15ஆம் நாள்தான் டு பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. அது நெருங்கினால் இஸ்ரேலின் பல்பொருள் அங்காடிகளில் உலர்பழத் தட்டுகளை அடுக்கிவிடுவார்கள். பேரீச்சை, ஆப்ரிகாட், அத்தி, திராட்சை, நடுநடுவே சர்க்கரைப்பாகில் ஊறிய அன்னாசி, வாழைக்காய்ச் சில்லு. கொறிக்க நல்ல பொருள். மரங்களின் புத்தாண்டு விருந்துக்கு என்றால் பாதிதான் தேறும்.

பெரிய குறை, ஓடும் கொட்டையும் இல்லாதது. மரப்பழங்களில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகக் கணக்குக்கு ஆண்டின் எல்லைக்கோடாக இருந்த நாளை, கபாலா என்னும் யூத மறைஞான மரபினர் தாங்கள் சொல்லும் நான்கு ஆன்மிக உலகங்களின் விருந்தாக்கினார்கள். செயலின் உலகமான அசியாவுக்கு வெளியே ஓடுள்ளவை: வாதுமை, அக்ரூட், மாதுளை. அதற்கு மேலே, உருவாக்கத்தின் உலகமான யெட்சிராவுக்கு உள்ளே கொட்டையுள்ளவை: பேரீச்சை, ஒலிவம். படைப்பின் உலகமான பெரியாவுக்கு முழுசாகத் தின்னக்கூடிய அத்தி, திராட்சை. ஓடு என்பது ஒளியை மூடியிருக்கும் உறை. மேலே போகப்போக உறை உள்ளே ஒடுங்கி, பிறகு மறைகிறது. ஓட்டைக் கையால் உடைப்பதில்தான் அந்தப் பொருளே இருக்கிறது. தோலுரித்த வாதுமையும் கொட்டை எடுத்த பேரீச்சையும் வைத்தால் மூன்று உலகமும் ஒன்றாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலான நான்காவது உலகம் அட்சிலூத்துக்கு உண்ண எதுவும் கிடையாது, மணம் மட்டுமே. தட்டிலும் அதற்கென ஒன்றும் இல்லை. அது ஒன்றுதான் சரி!

அடுத்தது அன்னாசியும் வாழையும். நாம் வாழைமரம் என்கிறோம். யூதச் சட்டத்தில் அது மரம் இல்லை. குலை தள்ளிய தண்டு மடிந்து, அடியிலிருந்து புதுக்கன்று வருவதால் உண்ணுமுன் மரப்பழத்துக்கான ஆசியை விட்டு, நிலத்தின் விளைச்சலுக்கான ஆசியைத்தான் சொல்வார்கள். அன்னாசிக்கும் அதே ஆசிதான். மரத் திருநாள் தட்டில் இவை இடத்தை அடைக்கின்றன.

அத்தியை அப்படியே வாயில் போடக்கூடாது. நீளவாக்கில் கீறி, உட்புறத்தை வெளியே மடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிவது புழுவா சர்க்கரைப் படிகமா என்று சந்தேகம் வந்தால் வெந்நீரில் இடுங்கள், படிகம் கரைந்துவிடும். பளீர் ஆரஞ்சு ஆப்ரிகாட் கந்தகப் புகை பட்டது. பழுப்பாக இருப்பதே சுவை.

தட்டை விட்டுவிட்டு, ஜெருசலேமில் மஹனே யெஹூதா சந்தை போன்ற இடத்தில் சில்லறையாக வாங்குவது மேல். நான்கு பேருக்கு ஓட்டுடன் வாதுமை 250 கிராம், மாதுளை 2, கொட்டையுடன் மெஜூல் பேரீச்சை 12, அத்தி 8, மணத்துக்கு ஓர் எலுமிச்சை போதும். முப்பது வகை அடுக்கும் மரபும் உண்டு. சின்ன மேசைக்கு அது வீண் சுமை. ஆசிக்கு முதலில் ஒலிவம், பிறகு பேரீச்சை, திராட்சை, அத்தி, மாதுளை.

இந்த விருந்தில் நான்கு கோப்பை ஒயினும் உண்டு. அந்தக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் கோப்பை முழு வெள்ளை, இரண்டாவதில் சிவப்பு ஒரு சொட்டு, மூன்றாவது பாதிக்குப் பாதி, நான்காவது ஏறக்குறைய முழுச் சிவப்பு. கோப்பைக்கு 90 மி.லி. வைத்தால் நால்வருக்கு வெள்ளை சுமார் 900 மி.லி. வேண்டும், 750 மி.லி. புட்டி ஒன்று மூன்றாவது சுற்றுக்குள் தீர்ந்துவிடும். வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று வாங்குங்கள்.